பன்றித் தீவனத்தில் இனிப்பு சேர்த்தால் குட்டிகள் வேகமாக வளருமா?

செங்குன்றம் பக்கம் பண்ணை வைத்திருப்பதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். பலன் உண்டு, ஆனால் பால் மறந்த முதல் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான்.

தாயைப் பிரித்ததும் குட்டி தொட்டியில் மூக்கை விட்டு முகர்ந்துவிட்டு, தீவனத்தைத் தொடாமலே திரும்பிவிடும். ஓரிரு நாள் வயிறு காய்ந்தாலே குடலுறிஞ்சிகள், அதாவது சத்தை உறிஞ்சும் குடலின் நுண்விரல்கள், சுருங்கும், கழிச்சல் பிடிக்கும். பாவம், எடை அங்கேயே நின்றுவிடும். இனிப்பு அந்தத் தயக்கத்தைப் போக்குகிறது. இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: நாக்கில் மட்டுமல்ல, சிறுகுடலிலும் இனிப்பை உணரும் செல்கள் இருக்கின்றன. சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு சேர்ந்த கலவை அவற்றைத் தூண்டும்போது, குளுக்கோஸை உள்ளே இழுக்கும் புரதம் குடலில் கூடுகிறது.

நமக்கு இனிப்பதெல்லாம் பன்றிக்கு இனிக்காது. அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு அதற்கு இனிப்பே இல்லை. சர்க்கரை, வெல்லம் என்றால் உடனே வாய் வைக்கும். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸும் சேர்க்கலாம், அளவு மீறினால் சாணம் இளகிவிடும்.

ஓட்டல் மிச்சத்தை ஆவலாகத் தின்னும் பெரிய பன்றிக்கு இது வீண் செலவு. காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; அங்கே அளவு கேட்டுவிட்டுக் கலக்குங்கள்.