கழுவக் கழுவக் கெடும் தரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்): எங்கள் ஊரிலுள்ள பழைய அரசு அலுவலகம் ஒன்றின் கடப்பாக்கல் தரை, நான் சிறுவனாக இருந்தபோது முகம் தெரியும் அளவுக்குக் கருகருவென்று மின்னியது. இப்போது வெளுத்துச் சொரசொரப்பாகிவிட்டது. நாள் தவறாமல் கழுவுகிறார்கள். ஆனாலும் மறுநாளே அழுக்காகத் தெரிகிறது. காரணம் என்ன? யாரிடம் கேட்பது?

பதில்: எதை ஊற்றிக் கழுவுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வெளுப்பும் சொரசொரப்பும் சேர்ந்தே வந்திருப்பதைப் பார்த்தால், அது ஆசிட்டின் வேலை என்றே எண்ணுகிறேன். கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. அமிலம் பட்டால் அதன் மேற்பரப்பு கரையும். ஒவ்வொரு முறையும் மெருகு சிறிது போக, கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் விழுந்து, அவற்றில் தூசி தங்கிவிடுகிறது. தரை அழுக்காகத் தெரிவதால் மறுபடியும் ஆசிட் ஊற்றுகிறார்கள். ஊற்ற ஊற்றக் குழி பெருகுகிறது. ஐயம் இருந்தால், அதே வகைக் கல்லின் உடைந்த துண்டு ஒன்றில் எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். சொட்டு இருந்த இடம் மங்கிய வட்டமாக நிற்கும். எலுமிச்சைக்கே இப்படியென்றால் கடையில் வாங்கும் ஆசிட் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மொசைக் தரைக்கும் இதே கதிதான்; அதிலுள்ள சலவைக்கல் சில்லுகளும் சிமெண்டும் அமிலத்துக்குத் தாங்கா. கருங்கல் தாங்கும் என்றாலும், கற்களுக்கு இடையிலுள்ள சிமெண்டுப் பூச்சு அரிக்கப்படும்.

இதற்காகத் தூய்மைப் பணியாளரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. கட்டடப் பராமரிப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், ஓர் அலுவலகத்தின் மாடிப்படியில் நான் கண்டதைச் சொல்கிறேன். வெற்றிலைக் காவி படிந்த மூலையொன்றில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து, பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டு, அதன் வழியே ஆசிட்டைத் தெளித்துத் தெளித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையுறை இல்லை, சேலைத் தலைப்பை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். மூன்று தளங்களையும் பத்து மணிக்குள் முடிக்க வேண்டும், ஆள் இரண்டே பேர் என்றார். அந்த நேரத்துக்குள் கறை போக வேண்டுமானால் அவர் கையில் இருந்த ஒரே வழி ஆசிட்தான். பிழை அந்தப் பாட்டிலில் தொடங்கவில்லை. எத்தனை சதுர அடிக்கு எத்தனை பேர், எந்தத் தரைக்கு எந்தப் பொருள் என்று எழுதாமல் விட்ட ஒப்பந்தத்தில் தொடங்கியது.

செய்ய வேண்டியது எளிது. முதலில் ஈரம் படாமல் பெருக்கி மணலை முழுவதும் அகற்ற வேண்டும்; மணலோடு துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். வாசலில் நாலைந்து எட்டு வைக்கும் நீளத்துக்குத் தென்னைநார் மிதியடி போட்டால், அந்த மணலில் பெரும்பகுதி உள்ளேயே வராது. பிறகு காரமும் புளிப்பும் இல்லாத சோப்புக் கரைசலில் துடைத்து, மாப்பை வேறொரு வாளியிலுள்ள நல்ல நீரில் அலச வேண்டும். ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. ஏற்கெனவே கெட்ட தரையை இயந்திரத்தால் தேய்த்து மெருகேற்றலாம். அதன்பின் ஆசிட்டைக் கட்டடத்துக்குள்ளேயே விடக் கூடாது.

யாரிடம் கேட்பது என்றால், முதலில் அந்த அலுவலகத் தலைமை அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். பயனில்லையெனில், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, துப்புரவு ஒப்பந்தத்தின் நகலையும் அதில் குறித்துள்ள பொருட்களின் பட்டியலையும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

கேள்வி (மேலூர் வாசகி): அரசுப் பள்ளிக் கட்டடம் ஒன்றில் ஆண்டுதோறும் பெயிண்ட் அடித்தும் சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூக்கிறதே?

பதில்: சுவரைப் பார்க்காமல் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். மழைநீர்க் குழாயின் வாயில் வேப்பஞ்சருகு அடைத்திருக்கும், அல்லது கைப்பிடிச் சுவரின் விரிசலில் அரசங்கன்று முளைத்திருக்கும். கன்றை மேலோடு ஒடித்தால் மீண்டும் தழைக்கும். வேரோடு எடுத்து, விரிசலை அடைக்க வேண்டும். புரட்டாசிக்குள் இதை முடித்தால்தான் ஐப்பசி மழையைச் சமாளிக்கலாம்.

கட்டடம் சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழையதாக இருந்தால், சிமெண்டு பூசி ஒட்டுப்போடுவதையும் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பதையும் தவிருங்கள். சுண்ணாம்புச் சுவர் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விட்டு உலரும் இயல்புடையது. மேலே அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று பூச்சைத் தள்ளும். 17ஆம் நூற்றாண்டில் எழுந்த நம் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களையும் சுதை வேலைகளையும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான் தாங்கி நிற்கின்றன. பழைய கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதை மட்டமாக நினைக்க வேண்டாம்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு தூய்மைப் பணியாளர்; பெயர் வேண்டாம் என்கிறார்): கழிப்பறையில் பிளீச்சிங் பவுடரைப் போட்டு ஆசிட்டையும் ஊற்றியபோது மூச்சு முட்டி, இரண்டு நாள் இருமல் நிற்கவில்லை. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள், அட்டை தரவில்லை. என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்த இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது நுரையீரலைப் புண்ணாக்கும் நச்சு. இனி எவர் சொன்னாலும் இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்றைப் பயன்படுத்தினால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே மற்றொன்று. நெடி ஏறினால் வேலையை அப்படியே விட்டுவிட்டுத் திறந்த வெளிக்கு வந்துவிடுங்கள். இருமல் இன்னும் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டி, எந்தெந்தப் பொருளைக் கலந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இ.எஸ்.ஐ.க்காக உங்கள் ஊதியத்தில் 0.75 விழுக்காடு பிடித்தால், வேலை தருபவர் 3.25 விழுக்காடு சேர்த்துக் கட்ட வேண்டும். உங்கள் காப்பீட்டு எண்ணை ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் தராவிட்டால், ஊதியச் சீட்டின் நகலோடு நீங்கள் வேலை செய்யும் அலுவலகத்தின் அதிகாரியிடம் கொடுங்கள். ஒப்பந்ததாரர் கூலி தராதபோது அதைத் தர வேண்டிய பொறுப்பு முதன்மை வேலையளிப்பவரான அந்த அலுவலகத்துக்கே உண்டு. ஆகவே அது எங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் கைகழுவ முடியாது. அங்கும் நடக்காவிட்டால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் உடன் வேலை செய்பவர்களும் சேர்ந்து கையெழுத்திடுங்கள். தனியாகப் போனவரை மறுநாள் வேலையை விட்டு நிறுத்துவது எளிது.