நட்சத்திர அட்டையில் ஒரு கொன்றைக் கொத்து
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: மூன்று ஆண்டுகளாக வாங்கிச் சேர்ந்த கிறிஸ்துமஸ் ஸ்டார்கள் ஐந்து, தெர்மாகோல் குடில், ஜிகினாத் தோரணம், இலை உதிர்ந்து கம்பி தெரியத் தொடங்கிவிட்ட சிறிய பிளாஸ்டிக் மரம் எல்லாம் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. போகியன்று தெருவில் மூட்டிய தீயில் இவற்றையும் போட்டுவிடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வசந்த காலத்துக்கு ஏற்றதாக ஏதேனும் செய்யலாமா? பார்க்கும் மாதிரிகள் எல்லாம் முயலும் டூலிப் பூவுமாகவே இருக்கின்றன.
– ஒரு வாசகி, ராயபுரம்.

பதில்: அவற்றை எரிக்காமல் வைத்திருந்ததற்கு முதலில் என் நன்றி. பழைய பாயும் துடைப்பமும் எரிந்த காலத்தில் ஏற்பட்ட வழக்கம் போகித் தீ. பிளாஸ்டிக் மரத்தின் இலைகள் பெரும்பாலும் பி.வி.சி.யால் ஆனவை, அவற்றைக் கொளுத்தினால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வெளிப்படும். தெர்மாகோல் கரும்புகையாக எரியும். மார்கழிப் பனியில் அந்தப் புகை மேலே ஏறாமல் நம் தெருக்களிலேயே தங்கிவிடுகிறது. குப்பைத் தொட்டியில் போட்டாலும் அது போய்ச் சேரும் கொடுங்கையூரில் வாழ்பவர்களும் நம் மக்கள்தாம். ஆகவே உங்கள் கேள்வியைப் பொழுதுபோக்கு சம்பந்தப்பட்டதாக மட்டும் நான் எண்ணவில்லை.

பல பொருள்களை ஒரே பரப்பில் சேர்க்கும் கலப்பு ஊடகக் கலை மேல்நாட்டிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிக்காசோ 1912ஆம் ஆண்டில் ஓர் ஓவியத்தில் மெழுகுத்துணியை ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தது புகழ்பெற்ற நிகழ்ச்சிதான். ஆனால் பலகையில் துணியை ஒட்டி, சுண்ணாம்புத் தூளையும் பசையையும் குழைத்த மக்கினால் மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கும் கண்ணாடிக் கற்களும் பதித்த தஞ்சாவூர் ஓவியர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நீங்களும் அந்த வழியிலேயே செல்லலாம்.

டூலிப்பை விட்டுவிடுங்கள். நமக்கு இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் வருவதால், அதை ஒட்டிய வாரங்களில் நம் தெருக்களில் புங்கமும் வேம்பும் பூத்திருக்கும், சரக்கொன்றையும் பூக்கத் தொடங்கும். பிள்ளைகள் கண்ணால் பார்த்த பூவைச் செய்யும்போதுதான் கைக்கு நிதானம் வருகிறது என்பது என் அனுபவம்.

அட்டையின்மேல் ஒரு சரக்கொன்றைக் கொத்தைச் செய்வோம். முதலில் அடித்தளம். பழைய அட்டைப் பெட்டியிலிருந்து ஒரே அளவில் இரண்டு துண்டுகளை வெட்டி, ஒன்றின் வரி நெடுக்காகவும் மற்றதன் வரி குறுக்காகவும் அமையுமாறு ஒட்டுங்கள். அப்போதுதான் காய்ந்தபின் அட்டை வளையாது. செய்தித்தாளை முன்பக்கம் ஒட்டினால் பின்பக்கமும் ஒட்ட வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். மைதாப் பசை வேண்டாம், கரப்பான் பூச்சி வந்துவிடும். ஃபெவிகாலைச் சம அளவு தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் ஒட்டிய அட்டையின்மேல் சுண்ணக்கட்டித் தூளையும் ஃபெவிகாலையும் தோசை மாவுப் பதத்தில் குழைத்து, ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு மறு பூச்சு என இருமுறை பூசுங்கள்.

இனி கொன்றை. பிளாஸ்டிக் மரத்தின் கிளைகளுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பியே உங்கள் கொம்பு; கடற்காற்றில் அது துருவேறித் தாளில் கறை படியும் என்பதால் துணிக் கீற்றைச் சுற்றிய பின்னரே அட்டையில் வைத்துத் தையுங்கள். ஸ்டாரின் பொன்னிற அட்டையில் துளைகள் இல்லாத பகுதியிலிருந்து இதழ்களை வெட்டுங்கள். கொன்றைப் பூவுக்கு ஐந்து இதழ்கள். கொத்தை உற்றுப் பார்த்திருப்பீர்கள்: மேலே, கொம்பை ஒட்டிய பூக்கள் முதலில் விரியும், கீழே போகப் போக அரைமொட்டாகி, நுனியில் உருண்டை மொட்டுகள் மட்டும் தொங்கும். ஆகவே மேலே அகன்ற இதழ்களையும், நடுவில் குறுகி மடிந்தவற்றையும், நுனியில் தோரணத்திலிருந்து உதிர்ந்த பொன்மணிகளையும் வையுங்கள். இந்த வரிசை சரியாக அமைந்துவிட்டால், எவ்வளவு எளிய கையால் செய்திருந்தாலும் அது கொன்றையாகவே தெரியும்.

துளையிட்ட பகுதிகளை எறிந்துவிட வேண்டாம். அவற்றின் பின்னால் ஒட்டியிருக்கும் சிவப்பு, பச்சைக் கண்ணாடித் தாளோடு அப்படியே வெட்டி, அட்டையில் ஒரு சாளரம் திறந்து பதித்துவிட்டால், காலை வெயில் படும்போது சுவரில் வண்ணப் புள்ளிகள் விழும்.

கேள்வி: பள்ளியில் மாணவிகளோடு இத்தகைய வேலை செய்தபோது ஜிகினா ஒட்டவே இல்லை, வேறு பசை போட்டதில் தெர்மாகோல் குழிந்து போயிற்று. எங்கே தவறு?
– ஓர் ஆசிரியை, வியாசர்பாடி.

பதில்: தவறு மாணவிகளுடையது அன்று. ஜிகினாத் தோரணம் வழவழப்பான பிளாஸ்டிக் படலம். நீர் கலந்த பசை அதற்குள் ஊறாது. அதை ஒட்ட முயலாமல் ஊசி நூலால் தைத்துவிடுங்கள். பொன்னிற அட்டையானால் தாள் பக்கத்தை ஒட்டுங்கள். பளபளப்பான பக்கத்தைத்தான் ஒட்ட வேண்டுமென்றால் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் பசைகளில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடும். நானும் ஒருமுறை அவசரத்தில் அதைப் பூசி, ஒரு முழுக் குடிலின் கூரையை இழந்து, அதைச் செய்த சிறுமியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றிருக்கிறேன். தெர்மாகோலுக்கு ஃபெவிகால் போதும். ஆனால் அதிலுள்ள நீர் வெளியேற வழியில்லாததால் மெதுவாகவே காயும்; மெல்லிய புள்ளிகளாக வைத்து, குண்டூசி குத்தி ஓர் இரவு விட்டுவிடுங்கள். உடைந்த துண்டுகளை மின்விசிறியை நிறுத்திவிட்டு உதிர்த்தால் கிடைக்கும் மணிகள் வேப்பம்பூவுக்கு மிகப் பொருத்தம்.

கேள்வி: எரியாத சீரியல் பல்புச் சரத்தை இதில் பயன்படுத்தலாமா?
– வாசகர், திருவொற்றியூர்.

பதில்: வேண்டாம். பழுதான சரத்தை அலங்காரமாகப் பதித்துவைத்தால், என்றாவது ஒரு பிள்ளை அதன் பிளக்கை மின்சாரத்தில் செருகிப் பார்க்கும். தாளும் தெர்மாகோலும் எளிதில் தீப்பிடிப்பவை. சரத்தை மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கொத்துகளைக் கட்ட நூல் வேண்டுமென்றால், தையற்கடையில் மிஞ்சும் மஞ்சள் நூற்கண்டு ஒன்று போதும்.