அவங்கட கணக்கு அவங்களுக்கு, உங்கட கணக்கு உங்களுக்கு

கேள்வி: எங்கட ஒஃபிஸ் பெடியள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால போற பெக்கோ ட்ரெயில் எண்ட நடைபாதையை முழுக்க பதினாலு நாளில நடந்து முடிக்கப் போறமெண்டு பிளான் போட்டு என்னையும் வரச் சொல்றாங்கள். நான் விடிய விடிய நிலாவெளி ரோட்டால நடக்கிறனான், ஆனா மலை ஏறிப் பழக்கமில்ல. கொஞ்சத் தூரம் மட்டும் நடந்திட்டு வந்தா தோத்த மாதிரி ஆயிடுமோ? எங்கட அம்மம்மா அப்புத்தளைப் பக்கத் தோட்டத்தில கொழுந்து எடுத்தவ, அந்த இடத்தைப் பாக்கோணும் எண்டும் ஒரு ஆசை.
– வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, முதல்ல அந்தப் பதினாலு நாளைப் பாப்பம். பெக்கோ ட்ரெயில் 300 கிலோமீற்றருக்கு மேல, கண்டி ஹந்தானையில தொடங்கி அப்புத்தளை, எல்ல எல்லாம் சுத்தி நுவரெலியாவில முடியுது, 22 கட்டமா பிரிச்சிருக்கினம். பதினாலு நாளெண்டா ஒரு நாளும் ஆறாம தினமும் 21 கிலோமீற்றருக்கு மேல நடக்கோணும். மலை நடக்கிற ஆக்கள் 1892ல இருந்து பாவிக்கிற நேஸ்மித் கணக்கு ஒண்டிருக்கு, 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், ஏறுற ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணித்தியாலம், அதுவும் இருந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம் சேராமத்தான். தோளில பாக், மழை, அட்டைக்கடி எண்டு வந்தா இன்னும் இழுபடும். பழகின பெடியளுக்குச் சரிவரும், உங்களுக்கு அது இப்ப வேணாம்.

உங்களுக்கு என்ன வேணுமெண்டு நீங்களே எழுதியிருக்கிறியள், அம்மம்மான்ர இடம். பிறகேன் ஹந்தானையில தொடங்கோணும்? அப்புத்தளைப் பக்கக் கட்டங்களில மூண்டை எடுத்து, தொடர்ந்து மூண்டு நாள் நடந்து, மூண்டாம் நாள் பின்னேரமும் கால் நோகாம அந்தத் தோட்டத்து ஆக்களோட இருந்து கதைக்கக்கூடிய மாதிரி வாறதை இலக்கா வையுங்க. அது தோல்வியில்ல, உங்கட கணக்குக்கு அதுதான் முழுப் பயணம், பெடியளுக்கும் அப்பிடியே நேர சொல்லிப்போடுங்க.

பழகிறதுக்கு மலை இல்லையெண்டு யோசிக்காதேங்க, திருகோணமலைக் கோட்டை வாசலால கோணேசர் கோயிலடிக்கு ஏறுற ஏத்தம் இருக்கே, பாக்கைப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப ஏறி இறங்குங்க, முழங்காலுக்கு வேலை இறங்கேக்கதான். சனி நடந்தா ஞாயிறும் கட்டாயம் நடக்கோணும், ரெண்டாம் நாள் காலையில உடம்பு என்ன சொல்லுதோ அதுதான் உங்கட உண்மையான தூரம். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில வெயில் ஏற முதல் வீட்டை வந்திடுங்க. ரோட்டில எத்தினை கிலோமீற்றர் எண்டு பாக்கிறதை விட்டிட்டு எத்தினை மணித்தியாலம் நடந்தனான் எண்டு எழுதி வையுங்க, அப்புத்தளையில அந்த மணித்தியாலம்தான் உதவும்.

பாக் உங்கட நிறையில அஞ்சில ஒரு பங்கைத் தாண்டப்படாது, வழியில தங்கிறதுக்கு வீடுகள் இருக்கு, டென்ட் தூக்கத் தேவையில்ல, அதால இன்னும் குறைக்கலாம். சப்பாத்துப் புதுசா வாங்கினா இப்பவே போட்டு நடக்கத் தொடங்குங்க. குதியில சூடா உரசிற மாதிரித் தெரிஞ்ச உடனே நில்லுங்க, சொக்ஸைக் கழட்டிக் காலைத் துடைச்சுக் காயவிட்டு பிளாஸ்டர் ஒட்டுங்க, இடத்துக்குப் போய்ப் பாப்பம் எண்டு நடந்தா கொப்புளம் வந்திடும், அதோட மற்ற ரெண்டு நாளும் போச்சு. மலையில பின்னேரம் பனிப்புகார் மூடும், அதால விடியவே வெளிக்கிட்டு பின்னேரம் மூண்டு மணிக்குள்ள தங்கிற இடத்துக்குப் போய்ச் சேருங்க, பாதித் தூரத்தில மத்தியானம் தாண்டிட்டா அண்டைக்கு அங்கால போகாம கிட்ட இருக்கிற ரோட்டுக்கு இறங்கி பஸ்ஸைப் பிடியுங்க.