காலியாக விட்ட ஒரு வரி

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. மூன்று மாதமாக ப்ளே ஸ்கூல் போகிறாள். மாதம் ஒருமுறை பெற்றோரும் ஒரு காலைப்பொழுது வகுப்பில் வந்து உட்கார வேண்டும் என்கிறார் டீச்சர். சேர்க்கும்போதே நான்கு பக்கப் படிவம் கொடுத்தார்கள். ‘அழுதால் எப்படிச் சமாதானம் ஆவாள்?’ என்ற ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பொறுமையாக நிரப்பித்தான் கொடுத்தேன். இப்போது, நான் விட்டுவிட்டு வந்தபின் அரைமணி நேரம் அழுகிறாள் என்று புகார் வேறு. ஃபீஸ் கட்டுகிறோம். சமாளிப்பது அவர்கள் வேலைதானே? எதற்கெடுத்தாலும் பெற்றோரைக் கூப்பிடுவது நியாயமா?
- ஒரு தந்தை

பதில்:

தம்பி, நியாயத்தை அப்புறம் பார்ப்போம். ஒரு வரியைக் காலியாக விட்டேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, நான் அதைத் தாண்டிப் போகவில்லை.

ரத்த வகை எழுதியிருப்பீர்கள். தடுப்பூசித் தேதிகளை அட்டையைப் பார்த்துப் பார்த்து எழுதியிருப்பீர்கள். அவசரத்துக்கு இரண்டு போன் நம்பர். அழுகிற மகளை என்ன செய்தால் அடங்குவாள் என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. கவனிக்காமல் விட்டுப்போன வரி என்றால் மூன்று மாதம் கழித்து உங்களுக்கு நினைவே இருக்காது. பதில் தெரியவில்லை, அதனால் எழுதவில்லை. இப்போது அந்த டீச்சர் தூக்கிப் பார்க்கிறார், பொம்மை கொடுத்துப் பார்க்கிறார், ஜன்னலோரம் கூட்டிப்போய்ப் பார்க்கிறார் என்று வையுங்கள். சில குழந்தைகளுக்குத் தூக்கினால்தான் அழுகை கூடும். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். சிலவற்றுக்கு வீட்டு வாசனை உள்ள ஒரு துணி கையில் இருக்க வேண்டும். உங்கள் மகள் எந்த ரகம் என்று முதல் நாளே உங்களிடம் கேட்டார்கள். பதில் சொல்லாதவர் நீங்கள். அரைமணி நேரம் அழுகிறவள் அவள்.

சரி, ஃபீஸுக்கு வருகிறேன். 1907-ல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர்கள் வசித்த கட்டடத்துக்குள்ளேயே மரியா மாண்டிசோரி ‘குழந்தைகள் இல்லம்’ என்ற தன் முதல் பாலர் பள்ளியைத் தொடங்கினார். ஃபீஸே கிடையாது. ஆனால் பெற்றோருக்கு விதிகள் உண்டு. பிள்ளையைச் சுத்தமாக, நேரத்துக்கு அனுப்ப வேண்டும். ஆசிரியையோடு ஒத்துழைக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது தாய்மார் அவரிடம் வந்து, குழந்தை வீட்டில் எப்படி இருக்கிறது என்று பேசவும் அந்த விதிகளிலேயே இடம் இருந்தது. தகப்பன்மாரைச் சொல்லாமல் விட்டது அந்தக் காலத்துக் குறை. அதை நீங்கள் இந்தக் காலம் வரை இழுத்துக்கொண்டு வர வேண்டாம்.

இன்னொன்று. சிறுவயதுக் கல்வியின் பெருமையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-ல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வைக் காட்டுவார்கள். 123 குழந்தைகள், அதில் 58 பேருக்குப் பாலர் வகுப்பு. நாற்பது வயதில் போய்ப் பார்த்தால், அந்த வகுப்பில் இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், போலீஸில் சிக்கியதும் குறைவு. இதைச் சொல்கிறவர்கள் பாதியை விழுங்கிவிடுவார்கள். அந்த ஆசிரியைகள் வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய், தாயையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். பலன் வகுப்பால் வந்ததா, அந்த ஒன்றரை மணி நேரத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. உங்களை மாதத்தில் ஒரு காலைதான் கேட்கிறார்கள். அதற்கே வலிக்கிறது.

பள்ளிகளும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். ஆண்டுவிழாவுக்குக் கைதட்டவும், அட்டையை வெட்டி ஒட்டி அனுப்பவும் மட்டும் பெற்றோரைத் தேடுகிற இடங்கள் நிறைய. அப்படி இருந்தால் நானே உங்கள் பக்கம் நின்று சண்டை போட்டிருப்பேன். உங்கள் டீச்சர் வந்து பாருங்கள் என்கிறார். பெற்ற கடமையைப் பையோடு சேர்த்துப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வர முடியாது என்பது என் கட்சி. பழைய பஞ்சாங்கம் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

போங்கள். அந்தக் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்காருங்கள். போனை வெளியே வைத்துவிடுங்கள். அவளுக்கு எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள், சும்மா பாருங்கள். காலையில் வரவே முடியாத வேலை என்றால் சாயங்காலம் பத்து நிமிடம் கேளுங்கள். அப்புறம், அவள் வேறு பக்கம் திரும்பும்போது நழுவி ஓடுகிறவரோ நீங்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், சொன்னபடி வந்து நில்லுங்கள்.

அந்தப் படிவத்தைத் திரும்ப வாங்குங்கள். மனைவிக்குப் பதில் தெரிந்திருக்கும், அவரிடம் கேட்டு எழுதாதீர்கள். இன்று ராத்திரி அவள் அழும்போது நீங்களே எழுந்து போங்கள். இரண்டு மூன்று நாள் தடுமாறுவீர்கள். அப்புறம் எழுதிக் கொடுங்கள், பென்சிலால். ஆறு மாதத்தில் அழித்து எழுத வேண்டியிருக்கும்.