முதல் செமஸ்டரிலேயே கல்லூரி பிடிக்கவில்லை. விட்டுவிட்டு அடுத்த வருடம் மறுபடி கவுன்சிலிங் போகலாமா?

இதை இன்னும் வீட்டில் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நானும் சொல்லவில்லை.

2012-ல் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரடி இன்ஜினியரிங் கவுன்சிலிங். என் கட்-ஆஃப் 200-க்கு 188.5. அருப்புக்கோட்டையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் நானும் அப்பாவும் போனோம். ஆசையெல்லாம் சிவில் மேல். நான் குறித்து வைத்திருந்த அரசுக் கல்லூரியில் எங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு இரண்டு இடம் என்று திரையில் காட்டியது. எங்கள் முறை வருவதற்குள் அது பூஜ்யமாகிவிட்டது. அப்பாவின் தறி முதலாளி சொல்லியிருந்த தனியார் கல்லூரியில் ஈ.சி.ஈ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) எடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

லேபில் ஒரு சி.ஆர்.ஓ.வுக்கு, அதாவது மின் அலையைத் திரையில் காட்டும் கருவிக்கு, எட்டுப் பேர். முன்னால் நிற்கும் இருவர் குமிழைத் திருகுவார்கள். மற்ற ஆறு பேரும் சீனியரின் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதுவோம். ஓடுகிற அலையைத் திரையில் நிறுத்தக் கடைசி வருடம் வரை எனக்குத் தெரியாது. எல்லாத் தனியார் கல்லூரியும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. என் வகுப்பிலேயே நன்றாக வந்தவர்கள் உண்டு. ஆனால் 'படிக்கிற பிள்ளை எங்கேயும் படிக்கும்' என்பவர்கள் அந்த லேபில் ஒரு மதியம் நின்று பார்க்கட்டும்.

கல்விக் கடன் கதை தனி. நான்கு லட்சம் வரை அடமானம் வேண்டாம் என்பது அப்போதே இருந்த விதி. நான் கேட்டது இரண்டரை லட்சம். மேனேஜர் வீட்டுப் பத்திரம் கேட்டு நாலு தடவை அலைய விட்டார். வாடகை வீட்டில் இருப்பவனிடம் ஏது பத்திரம்? கடைசியில் அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்தச் செயினை நினைத்துத்தான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் வருடம் ஐந்து அரியரோடு போய்ச் சொன்னேன். அப்பா தறியை நிறுத்திவிட்டு, "மொத வருசமே சொல்லியிருந்தா நின்னுருக்கலாமேய்யா" என்றார். அதற்குள் மூன்று வருட ஃபீஸ் கட்டியாகிவிட்டது.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே சொல்லியிருக்கிறது. தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். ஆனால் டி.சி.க்கு எழுதிக் கொடுப்பதற்கு முன், இந்த செமஸ்டர் லீவில் ஊருக்குப் போய் அப்பா அம்மாவை உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். அடுத்த தவணை ஃபீஸுக்கு அவர்கள் யாரிடமாவது கை நீட்டுவதற்குள் சொல்லிவிடுங்கள்.