பதில்: செங்கல் சுவரைத் தட்டினால் பொள்ளல் சத்தம்

இங்கிலாந்தின் லூயிஸ் நகர ஹை ஸ்ட்ரீட்டில் நீங்கள் வாங்கிய வீட்டின் முன்சுவர் தட்டினால் பொள்ளலாகக் கேட்கிறது, கொத்தனார் இடுக்குகளில் சிமென்ட் அடைக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அது செங்கல்லாகவே இல்லாமல் இருக்கலாம்.

அந்த ஊரில் பழைய மரச்சட்ட வீடுகள் நிறைய. 18ஆம் நூற்றாண்டில் செங்கல் முகப்பு மோகம் வந்தபோது, பலர் வீட்டை இடிக்காமல் மரச்சட்டத்தின் மேல் 'மேத்தமேட்டிக்கல் டைல்' என்ற ஓடுகளை ஆணியடித்து மாட்டினார்கள். வெளியே தெரியும் பகுதி அச்சு அசல் செங்கல் போலவே இருக்கும். 1784இல் வந்த செங்கல் வரியை ஏய்க்கத்தான் இப்படிச் செய்தார்கள் என்பார்கள். நம்பாதீர்கள், ஓட்டுக்கும் வரி இருந்தது.

வீட்டு மூலையைப் பாருங்கள். செங்கல் மடங்கித் திரும்பாமல் செங்குத்தாக ஒரு மரப்பலகை ஓடினால் அநேகமாக ஓடுதான்.

ஓடோ செங்கல்லோ, சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்புக் கலவைதான். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே மரம் உளுத்துவிடும். அப்புறம், வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், கை வைக்கும் முன் உள்ளூர் கவுன்சிலின் பழங்கட்டடப் பாதுகாப்பு அதிகாரியிடம் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள். மூலையை அருகில் போய்ப் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.