மூடியின் சத்தம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆறே மாதத்தில் 14 கிலோ குறைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். இப்போது பகலெல்லாம் கட்டுப்பாடாக இருக்கிறேன். வாரத்தில் மூன்று நான்கு இரவுகள், எல்லோரும் தூங்கியபிறகு, ஃபிரிட்ஜ் முன்னால் நின்றபடியே வயிறு வலிக்கும்வரை தின்கிறேன். டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்காமல் கையால் பொத்திக்கொள்வேன். மறுநாள் தண்டனையாகப் பட்டினி. பாதி எடை திரும்பிவிட்டது. எனக்கு மனவுறுதியே இல்லையா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள வாசகிக்கு,

மூடியைப் பொத்துவதாக எழுதிய வரியிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். எத்தனை இரவுகள் இதைத் தனியாகத் தாங்கியிருக்கிறீர்கள்!

1944-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். 24 வாரம் அரைவயிற்று உணவு, நாளுக்குச் சுமார் 1,600 கலோரி. இன்றைய டயட் அட்டவணைகள் பலவற்றில் அதைவிடக் குறைவு! உடல் எடையில் கால்வாசி போயிற்று. இதயத் துடிப்பு மந்தமானது, எப்போதும் குளிர் எடுத்தது. தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள். சோதனை முடிந்தபிறகு சிலர் வயிறு புடைக்கத் தின்றும் பசி அடங்கவில்லை என்றார்கள். அவர்கள் யார் தெரியுமா? போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மனசாட்சிக்காக உறுதியாக நின்றவர்கள். அவர்களுக்கா மனவுறுதி இல்லை?

எடை குறையும்போது கொழுப்பிலிருந்து சுரக்கும், பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, பசி கூடுகிறது. சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியும் குறைகிறது. உங்கள் பகல் பட்டினிதான் இரவில் ஃபிரிட்ஜ் வரை இழுத்துக்கொண்டு போகிறது. மறுநாள் பட்டினி அடுத்த இரவுக்கு வழிசெய்கிறது.

புலிமியா என்று ஓர் உணவுக் கோளாறு உண்டு. வாந்தி எடுத்தால்தான் அது என்று பலரும் நினைக்கிறார்கள். அளவு மீறித் தின்றுவிட்டுப் பட்டினியால் ஈடுகட்டுவதும் அதில் சேரும். பார்வைக்குச் சராசரி எடையில் இருப்பவர்களுக்கும் வரும். உங்களுக்கு இருப்பது அதுதானா என்று நான் சொல்ல முடியாது, மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவசியம் போங்கள். பேச்சுவழிச் சிகிச்சையில் நல்ல பலன் உண்டு. அதன் முதல் படியே வேளாவேளைக்குச் சாப்பிடுவதுதான், எடை குறைப்பது அல்ல. இடையில் வாந்தியோ பேதி மாத்திரையோ இருந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கினால் இதயத்துக்கு ஆபத்து.

சரி, இன்றிரவே அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டால்? நாளைக் காலைச் சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே கொடுங்கள். மூடி பற்றிய வரியை அடித்துவிடாமல் கொடுங்கள்.